சொட்டுறது தப்பு, தெரியறது தப்பில்ல

நேத்து நைட்டு 11 மணிக்கு எங்க அபார்ட்மெண்ட் குரூப்புல ஒரு போட்டோ வந்துச்சு. முதல் மாடி சன்ஷேட் மேல கெடக்குற ஒத்த சாக்ஸ். சாம்பல் கலரு, மேல ரெண்டு வெள்ளைக் கோடு. கீழ செக்ரட்டரி சார் "இது யாருடையது? உடனடியாக அகற்றவும். இதுவே இறுதி அறிவிப்பு"ன்னு போட்டிருந்தார். சாதாரணமா ஹாய் ஃப்ரெண்ட்ஸ்னு ஆரம்பிக்கிற மனுஷன், கோவம் வந்தா மட்டும் தான் பாடப்புத்தகத் தமிழுக்கு மாறுவார். 31 பேர் பாத்தாச்சு, ஒருத்தரும் வாயத் தொறக்கல. நானும் தொறக்கல.

அது என்னோட சாக்ஸ் தான்.

ஏன் கம்முனு இருக்கேன்னா, துணி காயப்போடுற விஷயத்துல எனக்கு ஒரு பழைய கணக்கு இருக்கு. ஒரு காலத்துல கீழ் வீட்டுல இருந்து மேல பாத்து கத்தினவ நான், இப்ப மேல் வீட்டுல இருந்து கீழ பாத்து பம்முறவ. ரெண்டு பக்கமும் நின்னு பாத்தாச்சு. அதனால இத எழுத எனக்கு கொஞ்சம் தகுதி இருக்குன்னு நெனைக்கிறேன், இல்லன்னாலும் எழுதத் தான் போறேன்.

முன்னாடி இருந்த வீடு முதல் மாடி. அத பால்கனின்னு சொன்னா பால்கனி கோச்சுக்கும், ரெண்டு பேர் நின்னா மூணாவது ஆள் மூச்ச இழுத்துப் பிடிச்சுக்கணும். உள்ள எடமே இல்லாததால கம்பிக்கு வெளிய ரெண்டு நைலான் கயிறு கட்டி, மொத்தக் குடும்பத்துத் துணியும் அதுல தான் காயணும். மேல் வீட்டு அக்காவும் அதே மாதிரி வெளிய தான் கட்டியிருந்தாங்க, அவங்க கொடிக்கு நேர் கீழ எங்க கொடி, தூக்குநூல் விட்டு பாத்தா கூட அவ்ளோ நேரா இருக்காது. காலைல 6 மணிக்கே துவைச்சுப் போட்டுருவாங்க. நான் எந்திரிச்சு வந்து பாக்கும்போது ராத்திரி காய்ஞ்ச எங்க துணி மறுபடியும் ஈரமா தொங்கும்.

ஈரத் துணி சொட்டுறத கிட்ட நின்னு பாத்திருக்கீங்களா? ஒரு ஜீன்ஸ எடுத்துக்கோங்க. மேல இருக்குற தண்ணி எல்லாம் மெதுவா இறங்கி கால் மடிப்புக்கு வந்து சேரும், அந்த மடிப்பு தான் கெட்டி, அங்க போய் நின்னுக்கும். முதல்ல ஓரம் பூரா ஒரு கோடு மாதிரி பளபளக்கும், அப்புறம் எந்த மூலை கொஞ்சம் தாழ்ந்திருக்கோ அங்க உருண்டு குண்டாகும், கொஞ்ச நேரம் ஆடும், விழலாமா வேணாமான்னு யோசிக்கிற மாதிரி, அப்புறம் டொக். விழுந்த உடனே அதே மூலையில அடுத்தது ரெடியாகும். நான் ஒரு லீவு நாள்ல உக்காந்து எண்ணியே இருக்கேன், நிமிஷத்துக்கு 22. வேலை வெட்டி இல்லையான்னு கேக்காதீங்க, கோவத்துல இருக்குறவங்களுக்கு எண்ணுறது ஒரு பெரிய ஆறுதல்.

ரெண்டு வாரம் பொறுத்துப் பாத்துட்டு மேல ஏறிப் போய் கேட்டேன்.

"அக்கா, துணிய கொஞ்சம் நல்லா பிழிஞ்சு போடுறீங்களா? கீழ எங்க துணியெல்லாம் நனையுது."

"ஐயோ, நான் மெஷின்ல தானேம்மா போடுறேன், அதுல இருந்து எப்படிம்மா சொட்டும்? மேல தொட்டி எதாவது லீக்காகுதோ என்னவோ, ஓனர்கிட்ட சொல்லிப் பாரேன்."

அவங்க பொய் சொல்லல, உண்மையிலேயே அப்படித் தான் நம்பினாங்க. எனக்கு அது அப்ப புரியல, பொய் சொல்றாங்கன்னு நெனைச்சு வீட்டுக்கு வந்து கதவ சாத்தினேன் பாருங்க, கீல் ஆட ஆரம்பிச்சிருச்சு.

அடுத்ததா எங்க வீட்டுக்காரர் மூளைய உபயோகிச்சு, கொடிக்கு மேல ஒரு பிளாஸ்டிக் ஷீட்ட இழுத்துக் கட்டினார். துணி தப்பிச்சுது. ஆனா காலைல 6 மணிக்கு அந்த ஷீட் மேல சொட்டு விழுற சத்தம் இருக்கே, டப் டப் டப்புன்னு, கல்யாண வீட்டு மேளம் தோத்துப் போகும். மூணாவது நாள் மேல் வீட்டு அண்ணன் வந்து கதவ தட்டினார். என்னன்னு பாத்தா, "உங்க ஷீட் சத்தத்துல தூங்க முடியல, கொஞ்சம் கழட்டிருங்களேன்"ங்கிறார். அவங்க தண்ணி, எங்க ஷீட் மேல விழுந்து, அவங்க தூக்கம் கெடுது, அதுக்கு நாங்க பதில் சொல்லணும். கிள்ளி விட்டவங்களே வந்து, புள்ள ஏன் அழுவுதுன்னு கேட்ட கதையாயிருச்சு.

அந்த வீட்ட விட்டு வந்து பல வருஷம் கழிச்சு நாங்க சொந்தமா மெஷின் வாங்கினப்ப தான் அக்கா சொன்னதுல என்ன கோளாறுன்னு பிடிபட்டுச்சு. துணி எவ்ளோ வேகமா சுத்துதோ அவ்ளோ தண்ணி வெளிய போகும், இது எல்லாருக்கும் தெரியும். ஆனா எவ்ளோ மிச்சம் நிக்கும்ங்கிறது தான் விஷயம். நிமிஷத்துக்கு 1200, 1400 சுத்து சுத்தினா கூட காட்டன் துணியில அதோட காய்ஞ்ச எடைக்கு கிட்டத்தட்ட பாதி எடை தண்ணி மிச்சம் இருக்கும். அதாவது 6 கிலோ துணி போட்டா 3 லிட்டர் தண்ணிய நீங்க கைல தூக்கிட்டு பால்கனிக்கு நடந்து போறீங்க. அது சொட்டாது, நூலுக்குள்ள பிடிச்சுக்கிட்டு இருக்கும், மெதுவா காத்துல போயிரும். ஆனா துணி சுருங்கக் கூடாது, கலர் போகக் கூடாதுன்னு டெலிகேட் மோட்ல போட்டீங்கன்னா மெஷின் பாதி வேகத்துல கூட சுத்தாது, நூல் பிடிச்சு வெச்சுக்குற அளவுக்கு மேல தண்ணி நிக்கும், அந்த மேல்மிச்சம் தான் அடுத்தவன் தலைல விழுறது. அக்கா எல்லாத்தையும் டெலிகேட்ல தான் போட்டிருக்கணும். ஜீன்ஸ டெலிகேட்ல போட்ட ஒரே ஆள் உலகத்துல அவங்களா தான் இருப்பாங்க.

இன்னொன்னு, சொட்டுறது ரொம்ப நேரம் நடக்குற விஷயமே இல்ல. நான் இப்ப என் துணிய வெச்சு பாத்தது என்னன்னா, கையால பிழிஞ்ச துணியா இருந்தாலும் முதல் அரை மணி நேரம் தான் சொட்டு, அதுக்கப்புறம் ஈரமா இருக்குமே தவிர ஒண்ணும் விழாது. அந்த அரை மணி நேரம் மட்டும் பாத்ரூம் கம்பில தொங்க விட்டுட்டு அப்புறம் வெளிய கொண்டு போனா முடிஞ்சுது. இல்லன்னா கீழ ஒரு பக்கெட். இவ்ளோ சின்ன விஷயத்துக்கு ரெண்டு குடும்பம் மூணு வருஷம் மூஞ்சிய திருப்பிக்கிட்டு மாடிப்படி ஏறியிருக்கோம்.

இந்த மேல் வீடு கீழ் வீடு சண்டை நம்ம காலத்து வியாதின்னு நெனைச்சா அதுவும் தப்பு. ரோமானியச் சட்டத்துல "ஸ்டில்லிசிடியம்"னு ஒரு வார்த்தையே இருக்கு, சொட்டுறதுக்குன்னே. உங்க கூரைல இருந்து விழுற மழைத்தண்ணி பக்கத்து வீட்டுக்காரர் எடத்துல சொட்டணும்னா, அதுக்குன்னு தனியா ஒரு உரிமை இருக்கணும். கி.பி. 533ல ஜஸ்டினியன் பேரரசர் தொகுத்து வெளியிட வெச்ச சட்டத் தொகுப்புல அதவிட சூப்பரான ஒரு கேஸ் வருது. மின்டர்னைங்கிற ஊர்ல பாலாடைக்கட்டிக்கு புகை போடுற கடை ஒண்ணு, அந்தப் புகை மேல இருக்குற கட்டடத்துக்கு போகுது. அரிஸ்டோன்னு ஒரு சட்ட அறிஞர்கிட்ட கேக்குறாங்க. அவர் சொல்றாரு, உரிமை வாங்கி வெச்சிருந்தா ஒழிய கீழ இருக்குறவன் மேல் கட்டடத்துக்கு புகைய விடக் கூடாது, அதே மாதிரி மேல இருக்குறவன் கீழ தண்ணியோ வேற எதையோ விடக் கூடாது. தன் எடத்துல என்ன வேணா செய்யலாம், அடுத்தவன் எடத்துக்குள்ள எதையும் அனுப்பாத வரைக்கும்.

இத படிச்சப்ப எனக்கு மேல் வீட்டு அக்கா ஞாபகம் தான் வந்துச்சு. அப்பவே தெரிஞ்சிருந்தா பிரிண்ட் எடுத்து கதவுல ஒட்டியிருப்பேன்.

சிங்கப்பூர்ல வீவகன்னு சொல்ற அரசாங்க வீடமைப்புக் கழகத்தோட அடுக்குமாடிகள்ல ஒரு காலத்துல சமையலறை ஜன்னலுக்கு வெளிய மூங்கில் கழி சொருகுறதுக்குன்னே குழாய் வெச்சுக் கட்டினாங்க. கழில துணிய கோத்து, அப்படியே ஜன்னல் வழியா தூக்கி வெளிய நீட்டி குழாயில சொருகணும், ஈரத்துணியோட கழி என்ன கனம் கனக்கும், தோள்பட்டை கழண்டுரும். பத்து மாடிக்கும் கொடி பறக்குற மாதிரி தொங்கும். பாக்க அழகு தான், ஆனா பத்தாவது மாடில பிழியாம போட்டா கீழ எத்தன வீடு நனையும்னு கணக்கு போட்டுக்கோங்க. அங்க பக்கத்து வீட்டு பிரச்சனைய பேசித் தீக்குறதுக்கு சமூக சமரச நிலையம்னு தனியா ஒண்ணு வெச்சிருக்காங்க, பேச்சுல தீராததுக்குன்னு 2015ல ஒரு சட்டமும் வந்துச்சு. சொட்டுத் தண்ணி பஞ்சாயத்தெல்லாம் லேசுப்பட்டதில்லன்னு அவங்களுக்கு தெரிஞ்சிருக்கு.

சரி, சொட்டுறத பத்தி போதும். அடுத்த சண்டைக்கு வர்றேன், அதுல தான் எனக்கு ரத்தம் கொதிக்கும்.

இப்ப இருக்குற வீட்டுக்கு மாறி வந்தோம், மூணாவது மாடி, பெரிய பால்கனி, தெக்குப் பாத்த வெயில், காத்து சும்மா வீசும். கொடி கட்டி முதல் நாள் துணி போட்டுட்டு ராணி மாதிரி நின்னு பாத்தேன். சாயங்காலமே மெசேஜ். "வெளிப்புறத் தோற்றத்தைப் பாதிக்கும் வகையில் பால்கனிகளில் துணிகளைத் தொங்கவிட வேண்டாம்." பாடப்புத்தகத் தமிழ், புரிஞ்சுது இல்ல.

சொட்டுதுன்னு சொல்லல. யார் மேலயும் விழுதுன்னு சொல்லல. தெரியுதாம். துணி தெரியுது. அதனால பில்டிங் மதிப்பு கொறையுதாம்.

நான் நேராவே கேட்டேன், "சார், இங்க இருக்குற 40 வீட்டுலயும் துணி போடாதவங்க யாராவது இருக்காங்களா?" அவர் சிரிச்சுட்டு, "அதுக்கில்லம்மா, வெளிய இருந்து பாக்குறவங்க என்ன நெனைப்பாங்க?"ன்னாரு. என்ன நெனைப்பாங்க, இந்த வீட்டுல குளிச்சு மாத்துற மனுஷங்க இருக்காங்கன்னு நெனைப்பாங்க. கந்தையானாலும் கசக்கிக் கட்டுன்னாங்க, கசக்கினத எங்க காயப்போடணும்னு சொல்லாம போய்ட்டாங்க, அந்த ஒரு வரி விட்டுப்போனதால எவ்ளோ தொல்லை பாருங்க.

இந்த "தெரியுது" புகார் ஊர் உலகமெல்லாம் இருக்கு. அமெரிக்காவுல வீட்டு உரிமையாளர் சங்கங்கள் பலதும் கொடி கட்டவே கூடாதுன்னு ரூல் போட்டு வெச்சிருந்தாங்க, கொடில துணி தொங்கினா ஏழைங்க வாழுற எடம் மாதிரி தெரியும்ங்கிறது தான் உள்ளுக்குள்ள இருக்குற பயம். அதுக்கு எதிரா "ரைட் டு ட்ரை"ன்னு ஒரு இயக்கமே நடந்துச்சு, துணி காயப்போடும் உரிமை. ஃப்ளோரிடாவுல ஏற்கனவே கொடிய தடை பண்ணக் கூடாதுன்னு சட்டம் இருந்துச்சு, அப்புறம் கொலராடோ, வெர்மான்ட், மெய்ன்னு ஒவ்வொண்ணா வந்துச்சு, கனடாவுல ஒன்டாரியோ 2008ல தடைய தூக்குச்சு, கலிஃபோர்னியா 2015ல சட்டம் போட்டுச்சு. வெயில்ல துணி காயப்போடுறதுக்கு சட்டசபை கூடி ஓட்டு போட வேண்டியிருக்குங்கிறது எனக்கு சிரிப்பா வருது, ஆனா அந்தச் சட்டம் இல்லாதவங்களுக்கு சிரிப்பு வராது.

வெயில சும்மா விட்டுட்டு ட்ரையர் வாங்கிக்கோங்கன்னு எங்க குரூப்புல கூட ஒருத்தர் அறிவுரை சொன்னாரு. ஒரு லிட்டர் தண்ணிய ஆவியாக்க முக்கால் யூனிட்டுக்கு கொஞ்சம் கம்மியா சக்தி வேணும், இது இயற்கை, யாராலயும் மாத்த முடியாது. அந்த 3 லிட்டருக்கு 2 யூனிட். வெயிலும் காத்தும் அத சும்மா தருது, பில்லு அனுப்புறதில்ல. அதுவும் நெஜமா துணிய காயவைக்குறது பாதி காத்து தான், துணிய ஒட்டி நிக்குற ஈரக் காத்த தள்ளி விட்டுட்டு புதுக் காத்து வரணும், அது வராம வெறும் வெயில் அடிச்சா துணி சூடாகும், காயாது. புழுக்கமான நாள்ல பாத்திருப்பீங்க.

அப்ப வீட்டுக்குள்ளயே ஸ்டாண்ட் வெச்சு காயப்போடுன்னாங்க. போட்டோம். ஒரு மழைக்காலம் முழுக்க ஹால்ல தான் துணி. தண்ணி எங்க போகும்? துணிய விட்டு போன தண்ணி சுவத்துக்கு தான் போகும். கிளாஸ்கோவுல மேக்கின்டாஷ் கட்டடக்கலைப் பள்ளி ஆளுங்க வீடு வீடா போய் இத அளந்து பாத்திருக்காங்க, ஒரு லோடு துணி 2 லிட்டர் வரைக்கும் தண்ணிய வீட்டுக் காத்துல கலக்குது, வீட்டு ஈரத்துல மூணுல ஒரு பங்கு வரைக்கும் துணியால தான் வருதுன்னு 2012ல சொன்னாங்க. எங்க வீட்டுல அலமாரிக்குப் பின்னாடி சுவத்துல கருப்பு கருப்பா பூஞ்சை, உலக மேப் மாதிரி. ஆஸ்திரேலியா கூட இருந்துச்சு. பையனுக்கு ஒரு மாசம் தும்மல் நிக்கல. வெளிய இருந்து பாக்குறவங்களுக்கு மட்டும் பில்டிங் அழகா இருந்துச்சு.

அப்புறம் வாடை. ஈரத்துணி மெதுவா காய்ஞ்சா வருமே ஒரு முடை நாத்தம், எத்தன தடவ துவைச்சாலும் போகாது. அதுக்கு நேரெதிர் வெயில்ல காய்ஞ்ச டவல் வாசம், அத மோந்து பாக்காத மனுஷன் இருக்க முடியாது. அந்த வாசத்தையும் ஒருத்தங்க ஆராய்ச்சி பண்ணிட்டாங்க, கோபன்ஹேகன்ல. ஒரே மாதிரி டவல இருட்டு ரூம்லயும், நெழல்லயும், வெயில்லயும் காயவெச்சு பாத்தா, வெயில்ல காய்ஞ்சதுல மட்டும் ஆல்டிஹைடு, கீட்டோன் வகை வாசப் பொருளுங்க புதுசா உண்டாயிருக்கு, சென்ட்டுல இருக்குற அதே வகையறா. 2020ல வெளிவந்துச்சு. ஆக அந்த வாசம் மனப்பிரமை இல்ல. எங்க செக்ரட்டரி சாருக்கு இத அனுப்பி வெச்சேன், தம்ஸ் அப் போட்டார், படிச்சாரான்னு தெரியல.

இதுலயே இன்னொரு கொடுமை இருக்கு, யாரும் பேச மாட்டாங்க. உள்ளாடை. பொம்பளைங்க துணின்னா அது வெளிய தெரியவே கூடாது. தெரிஞ்சா சண்டை கூட போட மாட்டாங்க, பார்வையாலயே பேசுவாங்க, அது சண்டைய விட மோசம். அதனால என்ன பண்றோம், ஒரு டவல விரிச்சு அதுக்கு அடில மறைச்சு போடுறோம், இல்ல கதவுக்குப் பின்னாடி ஆணில தொங்க விடுறோம். உடம்ப ஒட்டி போடுற துணி, அதுக்குத் தான் வெயிலும் காத்தும் முதல்ல வேணும், அது தான் அரைகுறையா காயுது. எனக்கு ஒரு தடவ தோல்ல அலர்ஜி வந்து டாக்டர்கிட்ட போனப்ப அவங்க கேட்ட முதல் கேள்வி, "துணிய எங்கம்மா காயப்போடுறீங்க?" அன்னைக்கு முடிவு பண்ணினேன், இனிமே எல்லாம் வெயில்ல தான். கொடியோட உள்வரிசைல போடுறேன், வெளிவரிசைல பெட்ஷீட். அதத் தாண்டி எட்டிப் பாக்குறவங்க தான் வெக்கப்படணும்.

அதனால என் கட்சி இது தான், சொட்டுறது தப்பு, தெரியறது தப்பில்ல. சொட்டு அடுத்தவன் எடத்துக்குள்ள போகுது, அரிஸ்டோ சொன்ன மாதிரி. என் துணி உங்க எடத்துக்கு வரல, உங்க கண்ணு தான் என் எடத்துக்கு வருது. சில பேர் இதுக்கும் ஒரு பதில் வெச்சிருப்பாங்க, அப்ப எங்க ஜன்னல திறந்தா உங்க பெட்ஷீட் வெளிச்சத்த மறைக்குதேன்னு. அது நியாயமான புகார், ஒத்துக்குறேன், அப்படின்னா அந்த பெட்ஷீட்ட மாத்திப் போடணும். அழகா இல்லங்கிறது மட்டும் புகாரே இல்ல.

சொல்லப்போனா துணி பாதிக்கப்பட்ட கட்சியா கோர்ட்டுக்கு போனதும் உண்டு. லண்டன் ஃபுல்லம்ல எஸ்ஸோ கம்பெனியோட எண்ணெய் டிப்போ பக்கத்துல ஹால்சின்னு ஒருத்தர் குடியிருந்தார். டிப்போ புகைபோக்கில இருந்து அமிலம் கலந்த கரித்துகள் பறந்து வந்து, வெளிய காயப்போட்ட துணிய நாசமாக்குச்சு, கார் பெயிண்ட்டையும் அரிச்சுச்சு. கேஸ் போட்டார். 1961ல தீர்ப்பு அவர் பக்கம். இன்னைக்கும் சட்டம் படிக்கிற பசங்க அந்த கேஸ படிக்கிறாங்க. ஆக வெளிய துணி காயப்போடுறது ஒரு சாதாரண மனுஷனோட சாதாரண வாழ்க்கை, அத கெடுக்குறவன் தான் பதில் சொல்லணும்னு கோர்ட்டே எடுத்துக்கிட்டிருக்கு.

வெளியவே போடாம பொதுவா ஒரு ரூம் வெச்சுட்டா சண்டை தீந்துரும்னு நெனைக்காதீங்க. சுவீடன்ல அடுக்குமாடிக்கெல்லாம் பொதுவா துணி துவைக்குற ரூம் உண்டு, நேரம் புக் பண்ணி போகணும். அங்க என்ன பிரபலம் தெரியுமா, சுவத்துல ஒட்டுற கோவக் கடுதாசி. என் நேரத்துல யாரு துவைச்சது, பஞ்சு சுத்தம் பண்ணாம போனது யாருன்னு. எங்க குரூப்ப காகிதத்துல நடத்துறாங்க, அவ்ளோ தான்.

இவ்ளோ வீரவசனம் பேசினேன்ல. இப்ப ரெண்டாவது மாடி அங்கிள் கதைக்கு வர்றேன்.

எனக்கு நேர் கீழ் வீடு. ரிட்டயர் ஆனவர், தனியா இருக்கார், வெள்ளைச் சட்டை தவிர வேற எதுவும் போட மாட்டார். அவர் துணி காயப்போடுறத பாத்தா பாடம் எடுக்குற மாதிரி இருக்கும். ஒவ்வொரு சட்டையும் ஹேங்கர்ல, பட்டன் மேல ஒண்ணு மட்டும் போட்டு, காலர தூக்கி விட்டு, கைய நீவி, ஹேங்கருக்கு ஹேங்கர் ஒரு சாண் இடைவெளி. எங்க குரூப்புல துணிய பத்தி ஒரு வார்த்தை பேசாதவர் அவர் ஒருத்தர் தான்.

போன வருஷம் ஒரு கருநீல பெட்ஷீட் வாங்கினேன். முதல் துவையல். நல்ல புத்தி உள்ளவ என்ன பண்ணுவா, தனியா பக்கெட்ல ஊறவெச்சு சாயம் போற வரைக்கும் அலசுவா. நான் மெஷின்ல போட்டேன், கலர் போயிரக் கூடாதேன்னு டெலிகேட் மோட். ஆமா. டெலிகேட். பாத்ரூம்ல அரை மணி நேரமும் தொங்க விடல, அன்னைக்கு அவசரம், வெளிய கொடில வீசிட்டு ஆஃபீஸ் போயிட்டேன்.

சாயங்காலம் வந்து பாத்தா கதவுல ஒரு கட்டைப்பை மாட்டியிருக்கு. உள்ள ஆறு வெள்ளைச் சட்டை, அழகா மடிச்சு. ஒவ்வொண்ணுலயும் தோள்ல இருந்து நெஞ்சு வரைக்கும் நீலப் பொட்டு, பேனா மூடிய தொறந்து உதறின மாதிரி. ஒரு சீட்டு இல்ல, ஒரு மெசேஜ் இல்ல. திட்டியிருந்தா நானும் ரெண்டு வார்த்தை சொல்லி சமாளிச்சிருப்பேன். மடிச்சு வெச்சிருந்தார் பாருங்க, அத தான் தாங்க முடியல.

அன்னைக்கு ராத்திரி பூரா அந்தச் சட்டைகளோட தான். சாயக் கறைய காய விடக் கூடாது, அயர்ன் பண்ணவே கூடாது, சூடு பட்டா கறை ஊறிப் போயிரும், அதனால ஈரத்தோட ஈரமா ப்ளீச் பவுடர்ல ஊறவெச்சு, அலசி, மறுபடி ஊறவெச்சு. அஞ்சு சட்டை தப்பிச்சுது. ஒண்ணு மட்டும் பொட்டு போச்சே தவிர மொத்தமா லேசா நீலம் பூத்துருச்சு. அயர்ன் பண்ணி எடுத்துட்டு கீழ போனேன்.

"அங்கிள், ஸாரி, இது ஒண்ணு மட்டும்... நான் புதுசு வாங்கித் தந்துடுறேன்."

வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பாத்தார். "பரவால்லம்மா. வெள்ளையே போட்டு போட்டு எனக்கும் போரடிச்சுருச்சு."

அந்த நீலச் சட்டைய அவர் இன்னமும் போடுறார், குறிப்பா அசோசியேஷன் மீட்டிங்குக்கு. எனக்கு எதிர் சேர்ல உக்காருவார். நான் எந்திரிச்சு துணி காயப்போடும் உரிமைய பத்தி ரோமாபுரியில இருந்து ஆரம்பிச்சு பேசும்போது அந்தச் சட்டை என்ன பாத்துட்டே இருக்கும், எனக்கு பாதில குரல் இறங்கிரும்.

இப்ப சாக்ஸுக்கு வாங்க. அது போன வாரம் காத்துல பறந்தது. கிளிப் போடல, சாக்ஸுக்கெல்லாம் கிளிப்பான்னு ஒரு அலட்சியம். அது விழுந்து கெடக்குற முதல் மாடி சன்ஷேட் அங்கிள் வீட்டு கிச்சன் ஜன்னலுக்கு கீழ இருக்கு. என் பால்கனில இருந்து எந்தக் குச்சியும் எட்டாது, முதல் மாடிக்காரங்களுக்கு அது தலைக்கு மேல. எடுக்கணும்னா அவர் ஜன்னல் வழியா தான் ஒட்டடைக் குச்சிய விட்டு எடுக்கணும். அதாவது நான் கீழ போய், பெல் அடிச்சு, "அங்கிள், மறுபடியும் நான் தான்"னு சொல்லணும். சொட்டுறது, தெரியறது ரெண்டுக்கும் கட்சி வெச்சிருந்தேன், விழுறதுக்கு ஒண்ணும் யோசிச்சு வெக்கல.

இத எழுதிட்டு இருக்கும்போதே போன் அடிச்சுது. குரூப் இல்ல, தனி மெசேஜ், அங்கிள்கிட்ட இருந்து. ஒரு போட்டோ, அவர் கிச்சன் மேடை மேல அந்த சாம்பல் சாக்ஸ், துவைச்சு, நீவி, ஹேங்கர்ல மாட்டியிருக்கார். கீழ ஒரே ஒரு வரி.

"கிளிப் இருக்காம்மா, இல்ல நான் தரவா?"